மாப்பிள்ளை பக்கத்துச் சாட்சி

ஜனவரி 5, ஞாயிறு

மகிழினிக்கு இன்றோடு எட்டு மாதம். கீழ் ஈறு வீங்கியிருக்கிறது. எதைக் கண்டாலும் கடிக்கிறாள், என்னையும் சேர்த்து. அவள் தூங்கும்போது கைக்கண்ணாடியை மூக்கருகே பிடித்து, மூச்சு படிகிறதா என்று நான்கு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை இவர் பார்த்துவிட்டார். மோட்டார் போடப் போய்விட்டார்.

பதினோரு மணிக்குத் தண்டபாணி வந்தான். கல்லூரியில் எனக்கு அடுத்த ரோல் நம்பர். மூன்று வருடம் எல்லாப் பரீட்சையிலும் என் முதுகைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவன். பிப்ரவரி 12 அவனுக்குக் கல்யாணம். பெண் பெயர் பெர்னதெத், பொன்மலைப் பக்கம், ரோமன் கத்தோலிக்கர். பழனியில் இருக்கும் இவன் வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். முருகன் பெயரை வைத்துக்கொண்டு சர்ச்சில் போய் நிற்பவன் என் பிள்ளை இல்லை என்று அவன் அப்பா சொல்லிவிட்டாராம். ஆனால் சர்ச்சில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தோழன் நின்றாக வேண்டும்.

"நீ நில்லு சுடர்."

"நான் பொம்பளைடா."

"பாதர்கிட்ட கேட்டுட்டேன். சாட்சிக்கு மீசை வேணும்னு எங்கயும் எழுதலயாம்."

இவர் சிரித்துவிட்டார். "இவளுக்கு இப்ப முடி கொட்டுற வேகத்துக்கு மீசையெல்லாம் எதிர்பார்க்காத தம்பி."

நானும் சிரித்தேன். பிறகுதான் அவன் மற்றதைச் சொன்னான். "நிக்கிறது மட்டுமில்ல. எனக்கு ஞானஸ்நானம் கிடையாது, எந்தச் சர்ச் பங்குலயும் என் பேர் இல்ல. அதனால என்னைப் பல வருஷமாத் தெரிஞ்ச ஒருத்தர் பாதர் முன்னாடி பைபிள்ல கை வச்சுச் சொல்லணும், இவனுக்கு இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலன்னு. வீட்டாளுங்க செய்யுறது. நமக்குத்தான் வீடே இல்லயே. ஒரு கையெழுத்துதான்."

இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மகிழினியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான்.

சரி என்று சொல்லிவிட்டேன். டீயில் சர்க்கரை போடவில்லை என்பது அவன் போன பிறகுதான் தெரிந்தது. அப்படியே குடித்திருக்கிறான்.

அவன் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றைக்கு எழுதத் தெம்பில்லை.

ஜனவரி 8, புதன்

நேற்று ராத்திரி ஐந்து தடவை எழுந்தாள். பகலில் இரண்டு வாளி துணி. வேறொன்றுமில்லை.

ஜனவரி 11, சனி

பெர்னாவைக் கூட்டி வந்தான். கூறைப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி போக வேண்டும். அதுவும் நான்தான்.

பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். நெடுநெடுவென்று உயரம். கையில் ஒரு டப்பா அச்சுமுறுக்கு. "கிறிஸ்துமஸுக்குச் சுட்டதுல மிச்சம்க்கா. நமுத்திருந்தா திட்டாதீங்க." நமுத்துத்தான் இருந்தது. நான்கு தின்றேன்.

தாலியில் என்ன இருப்பது என்று வீட்டில் பத்து நாளாகச் சண்டையாம். அவள் அம்மாவுக்குப் புறாவும் சிலுவையும். இவனுக்குச் சின்னதாக ஒரு வேல். கடைசியில் தாலி செய்யும் பத்தரிடமே கேட்டார்களாம். "முன்பக்கம் சிலுவை, பின்பக்கம் வேல். ரெண்டும் நேர்க்கோடுதாம்மா, எனக்கு ஒரு சிரமமும் இல்ல" என்றாராம். பெர்னா அதைப் பத்தர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

கிளம்பும் நேரத்தில் மகிழினி அழ ஆரம்பித்தாள். பெர்னா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க போய்ப் படுங்கக்கா. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு."

ஐந்து நிமிடம் என்றுதான் படுத்தேன். எழுந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பதறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினால், பெர்னா ஜன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தாள், மகிழினி அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"உக்காந்தா முழிச்சுக்கிறாக்கா. அதான் நின்னுட்டேன்."

இரண்டரை மணி நேரம். தண்டபாணி நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். புடவைக் கடைக்குப் போகவே இல்லை.

நல்ல பெண். கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜனவரி 14, பொங்கல்

இவருக்குக் காலை ஷிப்ட். ஒற்றை ஆளாகப் பொங்கல் வைத்து, இடுப்பில் குழந்தையோடு சூடம் காட்டினேன். எழுதாமல் இருந்தால் மறந்துவிடும் என்று பத்து நாள் பார்த்தேன். இல்லை. எழுதிவிடுகிறேன்.

எட்டு வருடம் முன்பு, மூன்றாம் வருடம் ஜனவரியில், தண்டபாணி தமயந்திக்குத் தாலி கட்டினான். தமயந்தி என் அறைத்தோழி, அரியலூர்க்காரி. அவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றதும் இரண்டே நாளில் முடிவு செய்துவிட்டார்கள். துறையூர் போகும் வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஐயர் கிடையாது, பூசாரிதான். மஞ்சள் தடவிய கயிறு. கூட வந்தது நான் மட்டும். மூன்று முடிச்சையும் அவனே போட்டான். எங்கள் மூன்று பேருக்கும் அப்போது இருபது வயது.

ஈரோட்டில் ஒரு சிநேகிதன் அறையில் மூன்று நாள் இருந்தார்கள். நான்காம் நாள் காலை தமயந்தியின் அப்பா வந்து அழைத்துப் போனார். கயிற்றைக் கழற்றி அந்த அறையின் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாளாம். நான்கு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். இப்போது ஒரு பையன் இருக்கிறான். எங்கேயும் எந்தப் பதிவும் இல்லை.

பதிவேட்டைப் பார்த்தால் தண்டபாணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பதிவேட்டைப் பார்த்தால்.

ஜனவரி 19, ஞாயிறு

பெர்னாவின் சர்ச்சில் முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, மணமக்கள் பெயரைப் பூசையில் வாசிக்கிறார்கள். தோழன் வந்தாக வேண்டும் என்று தண்டபாணி அழைத்தான். கடைசி வரிசையில், குழந்தை அழுதால் வெளியே ஓட வசதியாக உட்கார்ந்தேன்.

பழனி, இன்னாரின் மகன் தண்டபாணி என்று மைக்கில் கேட்டபோது அவன் காது சிவந்தது. அப்பா பெயரையும் வாசித்தார்கள். அந்த மனிதருக்குத் தன் பெயர் இங்கே ஒலித்தது தெரியாது. அப்புறம் பாதர், "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். யாரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் விசிறிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தண்டபாணியைத் தனியாகப் பிடித்தேன். "பெர்னாவுக்குத் தெரியுமா?"

"காலேஜ்ல ஒரு பொண்ணு இருந்தான்னு தெரியும்."

"கயிறு?"

"அது என்ன கல்யாணமா சுடர்? சின்னப் பசங்க வெளையாட்டு. ரேஷன் கார்டு ஃபாரத்துல ஆயிரம் எழுதறோம். இதுவும் ஒரு ஃபாரம்."

"பைபிள்ல கை வைக்கணும்னியே."

"நம்ம சாமியா அது?"

அவனுக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்குன்னு வேற யாரும் இல்ல" என்றான். அவனுக்கு முடியாது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

இவரிடம் சொன்னேன். நடந்தது எல்லாம் இல்லை, கயிறு வரைக்கும். தட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"போடணும்னா போடு, வேணாம்னா போடாத. ஆனா பாப்பாவக் கையில வச்சுக்கிட்டு யோசிக்காத. நேத்து அவளுக்குப் பதிலா தலகாணியத் தோள்ல போட்டுத் தட்டிட்டு இருந்த."

உண்மைதான். எவ்வளவு நேரம் தட்டினேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 25, சனி

காலை பத்து மணிக்குப் பாதர் சவரிமுத்துவின் அலுவலகம். வயசானவர், மெதுவாகப் பேசுகிறார். பெர்னா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே தண்டபாணியும் நானும் மகிழினியும். பெயர், முகவரி, எத்தனை வருடமாகத் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பைபிளை என் பக்கம் நகர்த்தினார். நான் கை வைப்பதற்குள் மகிழினி அதன் நாடாவை இழுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"சின்ன சாட்சி முந்திக்கிச்சு" என்றார். தண்டபாணி தேவைக்கு மேல் சிரித்தான்.

"இவருக்கு இதுக்கு முன்னாடி எந்த முறையிலாவது திருமணம் நடந்திருக்காம்மா?"

எந்த முறையிலாவது. நான் தயார் செய்துகொண்டு வந்த பதில் எல்லாம் பதிவேட்டுக்கு. இது வேறு கேள்வி. தண்டபாணி சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக வெளியே பெர்னாவின் உச்சந்தலை தெரிந்தது.

"பாப்பாவுக்குப் பால் குடுக்கணும் பாதர். வந்துடறேன்."

வெளியே வந்தேன். கேட்டைத் தாண்டினேன். ஒரு ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன். மகிழினிக்குப் பசியே இல்லை.

தண்டபாணியிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "ரொம்ப நன்றி சுடர்."

ஜனவரி 26, ஞாயிறு

சாயங்காலம் பெர்னா மட்டும் வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "பால் குடுத்து முடிச்சாச்சாக்கா?"

என்ன சொல்வது?

"அவன்கிட்ட கேளு பெர்னா."

"கேட்டேன். உங்ககிட்ட கேக்கச் சொன்னான்."

கோழை. என் தலையில் கட்டிவிட்டான். சொன்னேன். கோயில், கயிறு, ஈரோடு, ஜன்னல் கம்பி. அவள் அழுவாள் என்று நினைத்தேன். பரிசோதனைக்கூடத்தில் மாணவியிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மஞ்சள் தடவின கயிறா?"

"ஆமா."

"சாமி கும்பிட்டுத்தான் கட்டினானா?"

"ஆமா. சூடம் தொட்டுக் கும்பிட்டுட்டு."

"அப்ப அது கல்யாணம்தானேக்கா? ஏன் நீங்க ரெண்டு பேரும் கயிறு கயிறுங்கிறீங்க?"

பிறகு, "நேத்து நீங்க கையெழுத்து போட்டிருந்தா உங்களை நம்பியிருப்பேன்" என்றாள்.

"இப்ப?"

"இப்ப யாரை நம்புறதுன்னே தெரியல. பாப்பா சாப்பிட்டாளா?"

ஜனவரி 29, புதன்

தண்டபாணி தானாகவே போய்ப் பாதரிடம் சொல்லிவிட்டான். பெர்னா கெடு வைத்தாளாம். போனில் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு நாளாக அது என் காதிலேயே இருக்கிறது. சின்ன வயசு வெளையாட்டு பாதர் என்று இவன் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க வெளையாட்டுங்கிறீங்க தம்பி. உங்க கோயில்ல, உங்க சாமி முன்னாடி கட்டியிருக்கீங்க. அது ஒண்ணுமில்லன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல" என்றாராம்.

அம்மன் முன்னால் கட்டினதை நாங்கள் இரண்டு பேரும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். ஒரு பாதர் எடுத்து உள்ளே வைக்கிறார்.

விஷயம் ஆயர் இல்லத்துக்கு, பிஷப் அலுவலகத்துக்கு, போகிறது. அது கல்யாணமா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கும் வரை ஓலை கிடையாது. பிப்ரவரி 12 நடக்காது. மார்ச்சில் தவக்காலம் வந்துவிடும், கல்யாணம் வைக்கமாட்டார்கள். பாக்கி எல்லாம் ஈஸ்டருக்கு அப்புறம், நடந்தால்.

"சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பெர்னாவின் அம்மா பேசினார். நம்பரை யார் கொடுத்தார்களோ.

"முந்நூறு பத்திரிகை குடுத்தாச்சு. ஊருக்கெல்லாம் என்னம்மா பதில் சொல்றது? ஒரு கையெழுத்து போட்டா உங்க கை தேஞ்சுடுமா?"

"இல்லீங்கம்மா."

"உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு. ஞாபகம் வச்சுக்குங்க."

சாபமா, அறிவுரையா தெரியவில்லை. சாபமாக எடுத்துக்கொண்டு நாளெல்லாம் மகிழினியைக் கீழே விடவில்லை. உடம்பு அனலாக இருக்கிறது என்று மூன்று தடவை தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றும் இல்லை. அனல் என் கைதான் என்றார் இவர். எனக்குத்தான் நூற்றொன்று.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்கு அந்தக் கல்யாணம் நடந்திருக்க வேண்டும். பால் கட்டி மார் கல்லாக இருக்கிறது. டாக்டர் மாத்திரை எழுதினார். நன்றாகத் தூங்க வேண்டும் என்றும் எழுதினார். அதை எந்தக் கடையில் வாங்குவது?

மார்ச் 7, வெள்ளி

நாளை என்னைச் சாட்சி சொல்ல வரச் சொல்லியிருக்கிறார்கள். கோயிலில் கூட இருந்தது நான் ஒருத்திதானே. எழுத்து மூலமாகக் கொடுக்க வேண்டுமாம். தமயந்திக்குக் கடிதம் போகுமா என்று பாதரிடம் போனில் கேட்டேன். "அந்தப் பொண்ணு குடும்பத்துல கல்லெறிய மாட்டோம்மா. அதனாலதான் நீங்க சொல்றது முக்கியம்" என்றார்.

இங்கேயும் ஒன்று எழுதாமல் விட்டிருக்கிறேன். பொங்கலன்று எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். "தமயந்தியின் அப்பா வந்து அழைத்துப் போனார்" என்று மொட்டையாக எழுதியிருக்கிறேன். அவருக்கு ஈரோட்டு முகவரி எப்படித் தெரியும்?

நான்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அவர் ஹாஸ்டல் வார்டன் அறையில் உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை, மிரட்டவில்லை. தமயந்தி அவசரத்தில் விட்டுப்போன மூக்குக்கண்ணாடி அவர் கையில் இருந்தது. "இது இல்லாம அவளுக்குக் கிட்டத்துல இருக்கிறதே தெரியாதும்மா. ரோட்டைத் தாண்டுவாளா?" என்றார். அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் முகவரியை என் நோட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

தண்டபாணிக்கு இது தெரியாது. அந்த ஈரோட்டுச் சிநேகிதன்தான் காட்டிக்கொடுத்தான் என்று எட்டு வருடமாக அவனோடு பேசுவதில்லை. தண்டபாணி எதைக் கேட்டாலும் நான் சரி சரி என்று சொல்வது இதனால்தான்.

மார்ச் 8, சனி

இவர் லீவு போட்டுவிட்டுப் பாப்பாவை வைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவளை விட்டு இவ்வளவு தூரம் நான் போனதில்லை. பஸ்ஸில் கை சும்மா இருந்தது. பையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே போனேன்.

பாதர் சவரிமுத்துவின் அலுவலகத்தில் கேள்விகள் தட்டச்சு செய்த தாளில் இருந்தன. "தெரிஞ்சதை மட்டும் எழுதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பாதர் ஜெபமாலையோடு வெளியே போய்விட்டார். எட்டாவது கேள்வி: இருவரும் எவ்வாறு பிரிந்தார்கள்? உமக்கு எப்படித் தெரியும்?

"பெண்ணின் தகப்பனார் அழைத்துச் சென்றார்" என்று எழுதினால் பொய் இல்லை. யாரும் மேலே கேட்கப்போவதும் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தனை உண்மையைச் சொல் என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டு, என் பங்குக்கு வந்ததும் நான் இரண்டு வார்த்தையை எழுதாமல் விடுவதா?

எழுதினேன். "முகவரியைத் தகப்பனாரிடம் கொடுத்தது நான். தண்டபாணிக்கு இது தெரியாது."

பாதர் வந்து படித்தார். அந்த வரியில் அவர் விரல் நின்றது. "இதை அவருக்கும் வாசிச்சுக் காட்டணும்மா. அது முறை."

"தெரியும் பாதர்."

"தண்ணி குடிக்கிறீங்களா?"

இரண்டு டம்ளர் குடித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மகிழினிக்கு முதல் பல். தண்டபாணியிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்றும் இல்லை. பெர்னாவும் எடுப்பதில்லை. கேழ்வரகுக் கூழ் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். பாதி உள்ளே, பாதி சுவரில்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மத்தியானம் தண்டபாணி வந்தான். மெலிந்திருந்தான். இவர், "வா தம்பி" என்று சொல்லிவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். தடையில்லை. அன்றைக்கு நடந்தது முழுமையான திருமணம் ஆகாது என்று எழுதியிருக்கிறார்கள். காரணங்களை லத்தீனில் போட்டிருக்கிறார்கள், அவனுக்குப் புரியவில்லை. ஏப்ரல் 28 தேதி வைத்திருக்கிறார்கள்.

"உன் தாளைப் பாதர் வாசிச்சுக் காட்டினாரு."

"ம்."

"ஒரு மாசமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது. நல்லா அசிங்கமாத் திட்டினேன்."

"திட்டு."

"முழுசாத் திட்டவும் முடியல சுடர்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மூணாம் நாளே எனக்கு வெளங்கிடுச்சு. அவ கண்ணாடி இல்லாம சுவரைத் தடவித் தடவி நடக்கிறா. நான் அவளுக்கு என்ன பண்ணப்போறேன்னு எனக்குத் தெரியல. வீட்டுக்குப் போயிடலாமான்னு கேக்க வாய் வரல. நாலாம் நாள் காலையில கதவத் தொறந்தா அவங்க அப்பா. எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. போகாதன்னு நான் ஒரு வார்த்தை சொல்லல."

எட்டு வருடம். என் நோட்டில் இருந்து கிழித்த அந்தத் தாளை நான் எத்தனை தடவை மனதுக்குள் திரும்ப ஒட்டியிருக்கிறேன். இவன் அப்பாடா என்று நின்றிருக்கிறான். கோபம் வந்திருக்க வேண்டும். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும் போல.

"அந்த ஈரோட்டுப் பையன்கிட்டயாவது பேசினியா?"

"நேத்து போன் பண்ணேன். நம்பர் மாத்தியிருக்கான். தேடணும்."

"இதை உன் ஃபாரத்துல எழுதினியா? அப்பாடான்னு இருந்ததை?"

"இல்ல. அப்ப எழுதல. நீ எழுதினதைக் கேட்டப்புறம் திரும்பப் போய் எழுதிக் குடுத்தேன். அப்புறம் பெர்னாகிட்ட சொன்னேன். மூணு வாரம் என்கூடப் பேசல."

"இப்ப?"

"இப்ப பேசறா. முன்ன மாதிரி இல்ல. எதைச் சொன்னாலும் ரெண்டாவது தடவை கேக்கறா." பிறகு அவனே, "நியாயம்தான்" என்றான்.

போகும்போது வாசலில் நின்று, "நிப்பியா?" என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முதல் தடவையாக அவனுக்கு உடனே சரி சொல்லவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பெர்னா போன் செய்தாள். தண்டபாணி அனுப்பினானா என்று கேட்டேன். "இல்லக்கா, நானாத்தான். மாப்பிள்ளை பக்கம் நிக்கிறவங்க அவன் ஆளா இருக்கக் கூடாது. பொய் சொல்லத் தெரியாத ஆளா இருக்கணும்."

"எனக்குப் பொய் சொல்லத் தெரியும் பெர்னா. எட்டு வருஷம் சொல்லாம இருந்திருக்கேன்."

"சொல்லத் தெரியும். தாளைக் கண்டா வராது. அது போதும்."

வருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 28, திங்கள்

காலையிலிருந்து மூன்று தடவை ரவிக்கை மாற்றினேன். இரண்டு தடவை பால், ஒரு தடவை கேழ்வரகு.

தண்டபாணி பட்டு வேட்டி, சட்டை. அவன் பக்கத்து பெஞ்சுகளில் அலுவலக ஆட்கள் ஏழு பேர், என் வீட்டுக்காரர், மகிழினி. பழனியிலிருந்து யாரும் வரவில்லை. பெர்னாவின் அம்மா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார், பிறகு திரும்பி வந்து என் மாராப்பைச் சரி செய்துவிட்டு, "ஈரம் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பீடத்துக்கு முன்னால் அவனுக்கு வலப்பக்கம் நான் நின்றேன். பின்னால் யாரோ ஒரு கிழவர், "மாப்பிள்ளைக்கு அக்காளா?" என்று கேட்பதும், "தோழனாம்" என்று யாரோ சொல்வதும், "தோழனா!" என்று அவர் சத்தமாகச் சொல்வதும் கேட்டது. தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கினோம், நானும் அவனும். தூக்கக் கலக்கத்தில் எனக்கு மெழுகுவர்த்தி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

பாதர் சவரிமுத்து முதலில் பெர்னாவிடம் கேட்டார். யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறீர்களா? வந்திருக்கிறேன் என்று கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி சொன்னாள். வகுப்பறைக் குரல்.

பிறகு தண்டபாணியிடம் கேட்டார்.

அவன் பதில் சொல்லவில்லை.

மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். காலையில் ஆட்டோவில் பத்து தடவை ஒப்பித்த பதில், ஒரே ஒரு வார்த்தை. பெஞ்சுகளில் சலசலப்பு. பெர்னாவின் அம்மா கையை நெஞ்சில் வைத்தார். பாதர் அவசரப்படுத்தவில்லை, புத்தகத்தை விரித்தபடியே நின்றார். பெர்னாவும் திரும்பிப் பார்க்கவில்லை, அவள் காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. நான் பக்கவாட்டில் அவன் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை. மனதுக்குள் அந்தக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வார்த்தையாக.

அவ்வளவு நேரம் அவன் எந்தத் தாளையும் படித்து நான் பார்த்ததில்லை.

"வந்திருக்கிறேன்" என்றான். சத்தமாக இல்லை. எனக்கும் பெர்னாவுக்கும் கேட்டது.